ஒரு சிறு முகிலும் ஓராயிரம் ஆண்டுகளும்

ஒவ்வொரு பிறை மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையிலும் நம்மவர்கள் மேற்கு வானை நோக்குகின்றனர். ரமழான் தலைப்பிறை என்றால் ஊர் முழுவதும் வானொலிப் பெட்டியின் அருகே காத்திருக்கும். நமது தொழுகைக்கு நேரம் சொல்வது சூரியன். நமது மாதத்துக்குத் தொடக்கம் சொல்வது சந்திரன். வானத்தோடு இத்துணை நெருங்கிய உறவு கொண்ட சமுதாயம் நமது சமுதாயம். ஆயினும் அந்த வானம் எவ்வளவு விசாலமானது, அதிலே நாம் நிற்கும் இடம் எவ்வளவு சிறியது என்பதைச் சிந்தித்துப் பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்?

இன்றைய உரைக்காக ஒரு வரலாற்றை எடுத்துக் கொள்வோம். அது ஓர் அரசனின் வரலாறோ, ஒரு போரின் வரலாறோ அன்று. வடவானில் மங்கலாகத் தெரியும் ஒரு சிறு வெண்கறையின் வரலாறு. பத்தாம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் அறிஞர் அதனைத் தமது நூலில் குறித்து வைத்தார். அது யாது என்பதை மனிதகுலம் உறுதியாக அறிந்துகொள்ள ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் சென்றன. அந்த ஆயிரம் ஆண்டுகளில் பிரபஞ்சம் நம் அறிவில் விரிந்துகொண்டே சென்றது. மனிதனின் இடமோ சுருங்கிக்கொண்டே வந்தது. இதிலிருந்து நமது பிள்ளைகள் பெற வேண்டிய பாடம் என்ன என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முன்னோர் அறிந்த பிரபஞ்சம்

இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தொலமி என்பவர், அதுவரை திரண்டிருந்த கிரேக்க வானியல் அறிவைப் பெரும் நூலாகத் தொகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலே அந்நூல் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, அல்-மஜிஸ்தீ எனும் பெயரால் முஸ்லிம் உலகெங்கும் கற்பிக்கப்பட்டது. அதன்படி பூமி நடுவிலே அசையாது நிற்கின்றது. சந்திரனும் சூரியனும் கோள்களும் அதனைச் சுற்றி வருகின்றன. எல்லாவற்றுக்கும் அப்பால் நிலையான நட்சத்திரங்கள் பதிந்த கோளம் ஒன்று இருக்கின்றது.

அந்தப் பிரபஞ்சம் எவ்வளவு பெரியது? ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-பர்கானி எனும் அறிஞர், நட்சத்திரக் கோளத்தின் தூரத்தைப் பூமியின் ஆரையைப் போல் 20,110 மடங்கு என எழுதினார். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர் என்று கொண்டு பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 12 கோடி 80 இலட்சம் கிலோமீற்றர். இன்று நாம் அறிந்துள்ள சூரியனின் தூரம் மாத்திரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். அதாவது, அக்காலத்தவர் முழுப் பிரபஞ்சத்தின் எல்லை எனக் கருதிய தொலைவு, உண்மையில் சூரியன் வரைக்கும்கூட எட்டவில்லை.

இதைக் கேட்டு நாம் அவர்களை எள்ளி நகைத்தல் தகாது. தொலைகாட்டி எதுவுமின்றி, வெறும் கண்ணாலும் பித்தளைக் கருவிகளாலும் அவர்கள் எட்டிய அளவு அது. அந்தச் சிறு பிரபஞ்சத்தின் முன்னிலையிலும் பூமி ஒரு புள்ளிக்கு நிகரானதே என்று அவர்கள் சொல்லியும் வைத்தனர். மனிதன் சிறியவன் எனும் உணர்வு இன்றைய விஞ்ஞானம் வந்துதான் பிறந்தது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

பூமியை அளந்தவர்கள்

வானத்தை அளக்க வேண்டுமாயின் முதலில் பூமியின் அளவு தெரிய வேண்டும். 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீபா அல்-மஃமூன், சிஞ்சார் சமவெளிக்கு அறிஞர் குழுக்களை அனுப்பி வைத்தார். ஒரு குழு வடக்கு நோக்கியும் மற்றொரு குழு தெற்கு நோக்கியும் சென்று, வானின் துருவ உயரம் ஒரு பாகை மாறும் வரைக்கும் தாம் கடந்த நிலத்தை அளந்தனர். ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் எனும் அரபு மைல் கணக்கு அவ்வாறு வந்ததே. கிப்லாவின் திசையைக் கணிக்கவும் ஊர்களின் தூரத்தை அறியவும் இத்தகைய அளவுகள் உதவின.

973இல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த அல்-பிரூனி இதற்கு வேறொரு வழி கண்டார். இன்றைய பாகிஸ்தானில் உப்பு மலைத்தொடரை அண்டிய நந்தனாக் கோட்டையில் அவர் தங்கியிருந்தபோது, அங்கிருந்த குன்றின் உயரத்தை அளந்தார். அது ஏறத்தாழ 652 முழம். பின்னர் குன்றின் மீதேறி, சமவெளியின் அடிவானம் கிடைமட்டத்தினின்றும் எவ்வளவு தாழ்ந்து தெரிகின்றது என்று பார்த்தார். ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் 34 பங்கு தாழ்வு இருந்தது. இவ்விரு அளவுகளையும் முக்கோண கணிதத்தையும் கொண்டு பூமியின் ஆரையை அவர் கணித்தார். பாலைவனத்தில் நாட்கணக்காக நடந்து அளக்க வேண்டிய ஒன்று, ஒரு குன்றின் உச்சியிலேயே முடிந்துவிட்டது. அவரது முழத்தை இன்றைய அளவுக்கு எவ்வாறு மாற்றுவது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவரது விடை இன்றைய அளவுக்கு மிக அண்மையானது என்பதே பலரும் கூறும் முடிவு.

நேயர்களே! இங்கு ஒன்றைக் கவனியுங்கள். குன்றின் மீது நின்ற அந்த மனிதர் பூமியுடன் ஒப்பிடும்போது ஒரு தூசி. ஆயினும் அத்தூசி தான் நின்ற உருண்டையை அளந்து சொல்லிற்று.

அஸ்-ஸூபி கண்ட சிறு முகில்

இனி நமது வரலாற்றின் நடுநாயகத்துக்கு வருவோம். அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி 903இல் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தார். புவைஹி மன்னர் அழுதுத் தௌலாவின் ஆதரவில் பணி புரிந்த அவர், 964ஆம் ஆண்டளவில் நிலையான நட்சத்திரங்களின் உருவங்கள் பற்றிய தமது நூலை எழுதி முடித்தார். தொலமி பட்டியலிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களையும் நாற்பத்தெட்டு நட்சத்திரக் கூட்டங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றினதும் ஒளியின் அளவையும் சிலவற்றின் நிறத்தையும் தாமே வானிற் பார்த்துச் சரிபிழை குறித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று பூமியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் வண்ணம். மற்றது வான்கோள உருண்டையின் மீது தெரியும் வண்ணம்.

வானை நேரிற் பாராமல், ஏடுகளையும் கைவினைஞர் செய்த கோள உருண்டைகளையும் மாத்திரம் நம்பி நட்சத்திரங்களைப் பற்றி எழுதியோரை அவர் தமது முன்னுரையிலே குறை கூறினார். தொலமியின் நூலை அவர் தூக்கி எறியவில்லை. அதே வேளை, அதற்கு அடிமையாகவும் இருக்கவில்லை. பிழை கண்ட இடத்திற் பிழை என்றார். சரி கண்ட இடத்திற் சரி என்றார்.

அந்நூலிலே, சங்கிலியால் பிணிக்கப்பட்ட பெண் எனப்படும் அந்திரொமேடாக் கூட்டத்தை விவரிக்கும்போது, மீன் உருவம் ஒன்றின் வாயருகே முகில் போன்ற சிறு கறை ஒன்று இருப்பதாக அவர் எழுதினார். படத்திலும் அதனைப் புள்ளிகளால் குறித்தார். இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் அப்பொருளைப் பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பு அதுவேயாகும்.

அது என்ன என்று அஸ்-ஸூபி விளக்கவில்லை. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் அன்று இல்லை. தமக்கு விளங்காத ஒன்றை விட்டுவிட்டுச் செல்லவும் அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கதை கட்டவும் அவர் முற்படவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதினார். இரண்டு சொல்லும் சில புள்ளிகளும் மாத்திரமே. பின்வந்தோருக்கு அவர் விட்டுச் சென்ற அமானிதம் அது.

நிலையானவையும் நிலைத்திருக்கவில்லை

நிலையான நட்சத்திரங்கள் எனப் பெயர் பெற்றவையும் மெல்ல இடம் பெயர்கின்றன என்பதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். அந்நகர்வு நூறு ஆண்டுக்கு ஒரு பாகை என்றார் தொலமி. அல்-மஃமூனின் காலத்து வானியலாளர் மீண்டும் அளந்து, ஏறத்தாழ 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்றனர். இக்கணக்கைக் கொண்டு அஸ்-ஸூபி தொலமியின் காலத்துக்கும் தம் காலத்துக்கும் இடையே 12 பாகையும் 42 பங்கும் கூட்டினார். இன்றைய கணிப்பு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவது போல, பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கொரு முறை ஆடிச் சுற்றி வருவதே இதற்குக் காரணம் என இன்று அறிகின்றோம்.

ரக்கா நகரில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வானை அவதானித்த அல்-பத்தானி, பூமியிலிருந்து சூரியன் மிகத் தொலைவில் நிற்கும் இடமும் காலத்தோடு மாறி வருவதைக் கண்டார். 1543இல் வெளியான கொப்பர்னிக்கஸின் நூல் அவரது பெயரைப் பல இடங்களிற் குறிப்பிடுகின்றது. ஒரு மனித ஆயுளின் பெரும்பகுதியைக் கொடுத்தால்தான் வானத்தில் இத்தகைய சிறு மாற்றத்தை உணர முடியும். வானத்தின் காலத்தோடு ஒப்பிட்டால் நமது ஆயுள் எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

கட்டடங்கள் அழிந்தன, ஏடுகள் எஞ்சின

மனிதன் சிறியவன் என்பதை வானம் மட்டுமா உணர்த்திற்று? வரலாறும் உணர்த்திற்று. 1258இல் பக்தாத் நகரம் ஹுலாகுவின் படையால் அழிக்கப்பட்டது. மறு ஆண்டே அதே ஹுலாகுவின் ஆதரவில் மராகாவில் நஸீருத்தீன் அத்-தூஸியின் தலைமையில் மாபெரும் வான் அவதான நிலையம் எழுந்தது. கோள்களின் அசைவை விளக்குவதற்கு அத்-தூஸி அமைத்த கணித வடிவம் பின்னர் கொப்பர்னிக்கஸின் நூலிலும் காணப்படுகின்றது.

பதினான்காம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித் பதவியில் இருந்தவர் இப்னுஷ் ஷாதிர். 1371இல் அப்பள்ளியின் மினாராவுக்கு அவர் சூரியக் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். பள்ளிவாசல் ஊழியரான அவர் எழுதிய சந்திர இயக்கக் கணக்கும், கொப்பர்னிக்கஸ் பின்னர் எழுதிய கணக்கும் கணித ரீதியில் ஒத்திருப்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வாளர் கண்டனர். அவ்வறிவு எவ்வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகின்றது.

சமர்கந்தின் ஆட்சியாளர் உலூக் பேக் அரசராகவும் வானியலாளராகவும் விளங்கினார். 1420களில் அவர் எழுப்பிய அவதான நிலையத்திலே ஏறத்தாழ 40 மீற்றர் ஆரை கொண்ட பிரமாண்டமான வளைவுக் கருவி இருந்தது. 1437ஆம் ஆண்டுக்குரிய அவரது பட்டியலில் 1,018 நட்சத்திரங்கள் இடம்பெற்றன. ஆயினும் 1449இல், ஆட்சி இழந்து மக்கா நோக்கிப் புறப்பட்டிருந்த வேளையில், சொந்த மகனின் சூழ்ச்சியால் அவர் கொல்லப்பட்டார். அவதான நிலையம் பாழடைந்து மண்ணுள் மறைந்தது. 1908இலேயே அகழ்வாய்வில் அதன் எச்சம் மீண்டும் வெளிப்பட்டது. ஆனால் அவரது மாணவர் அலீ குஷ்ஜி அவ்வறிவை இஸ்தான்புல் வரைக்கும் கொண்டு சென்றார். அவரது நட்சத்திர அட்டவணை 1665இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் அச்சேறியது.

இஸ்தான்புல்லில் 1577இல் தகியுத்தீன் அமைத்த அவதான நிலையமோ 1580இல் அரச ஆணையால் இடிக்கப்பட்டது. மூன்று ஆண்டு ஆயுள்! மன்னர்களின் ஆதரவு காற்றில் வைத்த விளக்கு. பொறுமையோடு எழுதி வைத்த ஏடே வெள்ளத்தைத் தாண்டிக் கரை சேர்ந்தது.

முகில் அல்ல, மற்றொரு மண்டலம்

தொலைகாட்டி வந்தது. 1612இல் ஜேர்மனியரான சைமன் மாரியஸ் அந்தச் சிறு முகிலைத் தொலைகாட்டி வழியே நோக்கினார். அப்போதும் அது மங்கலான ஒளிக்கறையாகவே தெரிந்தது. 1838இல் பெசல் எனும் வானியலாளர் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை முதன்முதலாக நம்பகமாக அளந்தார். ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் விரையும் ஒளி, அங்கிருந்து இங்கு வர ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள் எடுக்கும் என்று தெரிந்தது. அதுவோ மிக அருகில் உள்ள நட்சத்திரங்களுள் ஒன்று!

ஐக்கிய அமெரிக்காவின் ஹாவர்ட் அவதான நிலையத்திலே புகைப்படத் தட்டுகளை ஆராயும் பணியில் ஹென்ரியெட்டா லீவிட் எனும் பெண்மணி அமர்ந்திருந்தார். அவருக்குச் செவிப்புலன் குறைவு. ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில், ஒளித்துடிப்பின் காலம் நீளநீள உண்மையான ஒளியும் மிகும் என்று 1912இல் அவர் எடுத்துக் காட்டினார். தொலைதூர வானத்தை அளக்கும் முழக்கோல் அவ்வாறு மனிதன் கைக்கு வந்தது. 1921இல் அவர் மறைந்தார். தமது முழக்கோலின் முழுப் பயனை அவர் காணவில்லை.

1920இல் வாஷிங்டன் நகரில் அறிஞர் இருவர் வாதிட்டனர். நமது பால்வீதியே முழுப் பிரபஞ்சம் போன்றது. அந்திரொமேடா போன்ற முகில்கள் அதனைச் சார்ந்தவை என்றார் ஷாப்லி. அவை நம்முடையதைப் போன்ற வேறு மண்டலங்கள் என்றார் கேட்டிஸ். 1923 ஒக்டோபர் மாதத்து இரவொன்றில் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைகாட்டியால் அந்திரொமேடாவைப் படம் பிடித்தார் எட்வின் ஹபிள். அப்படத்திலே லீவிட் கூறிய வகையைச் சேர்ந்த நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. அதன் துடிப்பைக் கொண்டு தூரத்தைக் கணித்தபோது ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டுகள் என விடை வந்தது. பால்வீதிக்கு வெகு தொலைவுக்கு அப்பால்! அஸ்-ஸூபி குறித்த சிறு முகில், எண்ணிறந்த சூரியன்கள் திரண்ட மற்றொரு மண்டலமாகும்.

ஹபிளின் கணக்கும் இறுதியானதன்று. இரண்டாம் உலகப் போரின்போது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்து இருண்டிருந்த இரவுகளைப் பயன்படுத்தி வால்டர் பாடே என்பவர் அந்திரொமேடாவை ஆராய்ந்தார். அளவுகோலாகக் கொண்ட நட்சத்திரங்களில் இரு வகை உண்டு என்று கண்டு, 1952இல் அத்தூரத்தை இரு மடங்காக்கினார். இன்று ஏற்கப்பட்ட தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள்.

1927இல் லெமேத்ரும் 1929இல் ஹபிளும் மற்றுமோர் உண்மையை வெளியிட்டனர். தொலைவிலுள்ள மண்டலங்கள் நம்மை விட்டு விலகிச் செல்கின்றன; தூரம் கூடக்கூட வேகமும் கூடுகின்றது. பிரபஞ்சம் விரிகின்றது. அதன் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என இன்று கணிக்கப்படுகின்றது. பால்வீதியில் மாத்திரம் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத நட்சத்திரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான நமது சூரியன் பால்வீதியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகள் ஒதுங்கி நிற்கின்றது. அதனைச் சுற்றும் ஒரு கோளில், கடல் சூழ்ந்த ஒரு தீவில் நாம் அமர்ந்திருக்கின்றோம்.

எனினும் அந்திரொமேடா விலகவில்லை. ஈர்ப்பு விசையால் நம்மை நோக்கி வருகின்றது. நம் பால்வீதியை நோக்கிய அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர். இன்னும் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் இரு மண்டலங்களும் மோதிக் கலப்பது உறுதி என்று 2012இல் சொல்லப்பட்டது. 2025இல் வெளியான ஓர் ஆய்வோ, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதியே என்கின்றது. தொலமியை அஸ்-ஸூபி திருத்தியது போல், நேற்றைய கணக்கை இன்றைய கணக்கு திருத்துகின்றது.

நாம் பெற வேண்டிய பாடம்

இவ்வரலாற்றைக் கேட்ட மனம் இரண்டு தவறான வழிகளில் செல்லக்கூடும்.

முதலாவது விரக்தி. இத்துணைப் பெரிய பிரபஞ்சத்தில் எனது உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன பெறுமதி இருக்கப் போகின்றது என்று ஓர் இளைஞன் எண்ணலாம். இளைஞனே! லீவிட் அம்மையார் அமர்ந்திருந்த மேசை பிரபஞ்சத்தின் முன் எவ்வளவு பெரியது? இப்னுஷ் ஷாதிர் நின்ற மினாரா எவ்வளவு உயரமானது? அளவிற் சிறியதாக இருப்பது பெறுமதியற்றதாக இருப்பதன்று. அயல்வீட்டார் பசித்திருக்கும்போது அந்திரொமேடாவின் தூரம் அப்பசியைக் குறைத்துவிடாது; அதனைத் தீர்க்கும் கடமையும் நம்மை விட்டு நீங்காது. நாம் வாழ வேறோர் இடம் நமக்கு அருகில் இல்லை என்று அறியும்போது, இந்தச் சிறு பூமியின் மீதும் இதில் உடன் வாழ்வோர் மீதும் நமது பொறுப்பு கூடவே செய்கின்றது.

இரண்டாவது பெருமை. எல்லாவற்றையும் எம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என மேடைகளில் முழங்குவது நமக்கு எளிது. அஸ்-ஸூபி அந்திரொமேடா ஒரு மண்டலம் என்று அறிந்திருந்தார் எனச் சொன்னால், அவர் சொல்லாததை அவர் மீது சுமத்தியவர்களாவோம். அவர் அறிந்தது ஒரு சிறு முகிலை மாத்திரமே. அவரது மகிமை அதை எல்லாம் அறிந்ததில் இல்லை. அறியாததையும் நேர்மையோடு குறித்ததில் இருக்கின்றது. அவரது பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவர் செய்தது போல் இரவில் எழுந்து வானைப் பார்த்ததுண்டா? பிறை பற்றி ஆண்டுதோறும் வாதிடும் நாவுகள் நம்மிடையே பல உண்டு. அப்பிறை தேய்ந்து வளர்வதை மாதம் முழுவதும் அவதானித்துக் குறித்து வைத்த கண்கள் எத்தனை?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வானத்தைக் காட்டி, வாப்பா அது எவ்வளவு தூரம், உம்மா அதற்கு அப்பால் என்ன என்று கேட்டால், அதட்டி வாயை அடைத்துவிடாதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், எனக்குத் தெரியாது மகனே, தெரியாது மகளே, வா சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் கண்ணியம் குறைந்துவிடாது. ஆண் பிள்ளைக்கு மாத்திரமன்றிப் பெண் பிள்ளைக்கும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆர்வத்தோடு கற்பியுங்கள். வானத்தின் முழக்கோலை உலகுக்குத் தந்தவர் ஒரு பெண்மணி என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! நவம்பர், டிசம்பர் மாதங்களிலே மழை முகில் விலகி, நிலவும் இல்லாத முன்னிரவு ஒன்றில், தெருவிளக்குகளைத் தாண்டி இருளான கடற்கரைக்கோ வயல்வெளிக்கோ பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். வடக்கு நோக்கி நில்லுங்கள். ஐந்து நட்சத்திரங்கள் அடுத்தடுத்த இரு கூரைகளைப் போல் வளைந்து நிற்பதைக் காண்பீர்கள். இரண்டில் கூர்மையான கூரையின் முகடு சுட்டும் திசையில் மேல்நோக்கிப் பாருங்கள். கண்கள் இருளுக்குப் பழகும் வரை கால் மணி நேரம் பொறுத்திருங்கள். மங்கலான சிறு வெண்கறை ஒன்று புலப்படும். இன்று உங்கள் கண்ணைத் தொடும் அதன் ஒளி, மனிதன் எழுத்தென்ற ஒன்றை அறிவதற்கு வெகுகாலம் முன்னரே, ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளின் முன் அங்கிருந்து புறப்பட்டது.

வீடு திரும்பியதும் ஒரு கொப்பியை எடுத்து, திகதியையும் நேரத்தையும் கண்டதையும் எழுதி வையுங்கள். காணக் கிடைக்கவில்லையாயின் அதையும் எழுதுங்கள். நம் சிறுமையை உணர்ந்து பணிவதும், அந்தச் சிறுமைக்குள்ளும் நமக்குத் தரப்பட்ட அறிவை வீணாக்காதிருப்பதும் வல்ல இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றியாக அமையட்டும்.